தூசிக்கு ஓர் அறை

அத்தியாயம் 9

ஜோதி இன்றைக்கு வருகிறாள்.

வந்தால் தங்குவாளா, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போவாளா என்பது ஒரு பழைய புளோயர் மோட்டாரின் கையில் இருந்தது. சுபாஷுக்கு அதை நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது. கட்டின பெண்டாட்டி வீட்டுக்கு வருவதற்குக்கூட ஒரு மோட்டார் மனசு வைக்க வேண்டியிருக்கிறதே என்று, காலையிலிருந்து எதிரில் வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தான்.

நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திவிடுகிறேன். சேரப்பணஞ்சேரி கன்னியப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சுபாஷ், அம்பத்தூரில் ஒரு பட்டறையில் மரவேலை பார்த்தவன். அந்தப் பட்டறையை இழுத்து மூடியதும், வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு ரம்ப மெஷினையும் ஓர் இழைப்பு மெஷினையும் போட்டு உட்கார்ந்துவிட்டான். படப்பையில் மனை மனையாக வீடு எழும்பிக்கொண்டிருந்த சமயம். கதவு, ஜன்னல், வாசக்கால் என்று ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. தொழில் நன்றாக ஓடியது. அவன் மனைவி ஜோதிக்குத்தான் மூச்சு ஓடவில்லை.

வேங்கை மரம் அறுக்கிற அன்றைக்கெல்லாம் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். வந்ததும் மூன்று ஆண்களும் ஒன்றுகூடிப் பேசி, அவளை ஸ்ரீபெரும்புதூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். மாமியார் இல்லாத வீடு, அவளுக்காகப் பேச வேறு பெண்பிள்ளையும் இல்லை. நாலு நாள் கழித்து வருவாள், மறுபடி இழுக்கும், மறுபடி பஸ் ஏறுவாள். போன வாரம் தாம்பரம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: மரத்தூள் படாத இடத்தில் இருந்தால் பிழைப்பாள், இல்லையென்றால் ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் ஜோதி. "அதுக்குள்ள தூசிக்கு ஒரு வழி பண்ணுங்க. பண்ணலன்னா இனிமே நீங்க என்னை கூப்புட வராதீங்க."

வழியை அவளேதான் ஆடி மாதத்திலேயே சொல்லியிருந்தாள். ரோட்டோரத்தில் இவர்களுடைய கொல்லை நிலம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கே நாலு கம்பம் நட்டு ஓலைக் கொட்டகை போட்டு மெஷினைக் கொண்டுபோய்விட்டால் வீட்டுக்குள் தூசியே வராது. இதைவிட எளிசான யோசனை இருக்க முடியாது. ஆனால் கன்னியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"வூட்டுல இம்மாம் எடம் கீது, ரோட்டாண்ட போயி இன்னாத்துக்கு? மரம் திருடு பூடும்" என்றார். அதற்கு மேல் பேச்சே இல்லை.

அங்கேதான் இளையவன் ரகுபதி உள்ளே புகுந்தான்.

ரகுபதி தாம்பரத்தைத் தாண்டி ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன். உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் அதற்கு ஒரு பைப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவன். மில்லில் பஞ்சுத் தூசியைக் குழாய் வழியாக உறிஞ்சி, ஒரு தனி அறையில் கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். அதே மாதிரி வீட்டிலும் செய்துவிடலாம் என்று சொல்லி, பின்கட்டுச் சுவர் முழுக்க சாக்பீஸால் படம் போட்டான். ரம்பத்துக்கு அடியில் ஒரு தகரக் கூம்பு, இழைப்பு மெஷினுக்கு அடியில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து ஒரே பைப், பைப் போய்ச் சேர ஒரு புளோயர், புளோயர் ஊதித் தள்ளுகிற தூசியை வாங்கிக்கொள்ள ஓர் அறை.

"அறைக்கு எங்கடா போறது?" என்று சுபாஷ் கேட்டபோது கன்னியப்பன் முந்திக்கொண்டார்.

"நெல் ரூம்பு காலியாத்தான கீது. அதுல வுடுங்க. மழைல நனையாம தூள் காஞ்சமானிக்கி இருக்கும். டீக்கடைக்காரன் தூள் அடுப்புக்கு வாங்கிக்குவான்."

இதுவரைக்கும் பிள்ளைகளின் மரவேலையைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன், நெல் அறையைத் தானே பெருக்கிக் கொடுத்தார். கதவு இடுக்கில் தூசி வெளியே வராமல் அடைக்க சாக்குப் பைகள்கூடத் தேடி எடுத்துவந்தார். அப்பனுக்கு மருமகள் மேல் இவ்வளவு அக்கறையா என்று சுபாஷுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இது போன வாரக் கதை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருவோம்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சுபாஷ் விடிந்ததும் முதல் வேலையாகத் தங்கள் அறையைப் பெருக்கித் துடைத்தான். பெட்டியிலிருந்து துவைத்த படுக்கை விரிப்பை எடுத்து விரித்தான். தப்பித் தவறி ஒரு துளித் தூசிகூட உள்ளே போகக்கூடாது என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்கு வந்தான்.

வந்து பார்த்தால், ரகுபதி பைப் வளைவுக்கு மாட்டுகிற எல்போ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான். பைப் ஆறு இஞ்ச். எல்போ நாலு இஞ்ச்.

"கடைல நீ பாத்து வாங்கலியா?"

"ஆறுன்னுதாண்ணா கேட்டேன். அவன் பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டான்."

"சுத்திக் குடுத்தா பிரிச்சிப் பாக்க மாட்டியா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, எந்தக் கடை தொறந்திருப்பான்?"

"கத்தாதண்ணா. சைக்கிள் டியூபு போட்டு சுத்திடலாம்."

சைக்கிள் டியூப் போட்டுச் சுற்றினார்கள். சுவிட்சைப் போட்டதும் புளோயர் பெரிய சத்தத்தோடு சுற்றியது. புதுப்பேட்டையில் காயலான் கடையில் தேடிப் பிடித்த புளோயர். அது போட்ட சத்தத்துக்கு சேரப்பணஞ்சேரியையே உறிஞ்சிவிடும் போலிருந்தது. சுபாஷ் ஒரு கட்டையை ரம்பத்தில் விட்டான். தூள் கூம்புக்குள் போகாமல் அவன் முகத்தில்தான் வந்து அடித்தது.

"உறியவே இல்லையேடா."

"பெல்ட்டு வழுக்குது."

பெல்ட்டை இறுக்கினார்கள். இப்போது கொஞ்சம் உறிந்தது. ரகுபதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இழைப்பு மெஷினைப் போடுகிற வரைக்கும்தான். மெஷினிலிருந்து வந்த சுருள் சுருளான சீவல்கள் முதல் எல்போவில் போய்ச் சிக்கின. அதற்குப் பின்னால் வந்தது அதன் மேல் சிக்கியது. ஐந்து நிமிடத்தில் பைப் அடைத்துக்கொண்டது. கழற்றி, கம்பியை விட்டுக் குத்தி, தூர் எடுத்து, மறுபடி மாட்டி, மறுபடி ஓட்டினார்கள். மறுபடி அடைத்தது.

மூன்றாவது தடவை கழற்றியபோது சுபாஷ் கையிலிருந்த கம்பியை விட்டெறிந்தான்.

"இத்தினி வளைவு எதுக்குடா உனக்கு? சுவத்தோரமா அழகா போவணுமா? இங்கேர்ந்து அங்க நேரா போட வேண்டியதுதான?"

"நேரா போட்டா நடுவுல குறுக்க வரும்ணா. குனிஞ்சி போவணும்."

"குனிஞ்சி போறேன். தவழ்ந்துகூட போறேன். அவ வர்றதுக்குள்ள ஓடணும், அவ்ளோதான்."

கன்னியப்பன் கதவு நிலையில் சாய்ந்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். "சண்ட போடாம வேலையப் பாருங்கடா" என்றார். பிறகு, "இதுலயே சரி பண்ணிடலாம், இல்ல?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அவர் காலையிலிருந்து பல தடவை கேட்டுவிட்டார்.

வளைவுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, பட்டறைக்கு நடுவே இடுப்பு உயரத்தில் நேராக ஒரு பைப்பைக் கொண்டுபோய்ப் புளோயரில் சொருகினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இல்லை. ஆனால் சுவிட்சைப் போட்டு மரத்தை விட்டபோது, தூள் பறக்கவே இல்லை. ரம்பத்துக்கு அடியில் உருவாகி, அடியிலேயே மறைந்துபோனது. சீவல்கள் தடதடவென்று பைப்புக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நெல் அறைக்குள் அது போய் விழுகிற சத்தமும் கேட்டது.

சுபாஷ் தன் முன்கையைத் தடவிப் பார்த்தான். வழக்கமாக மஞ்சளாகப் படிந்திருக்கும் தூள் இல்லை. அவனுக்குத் தம்பியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவ்வளவு நேரம் திட்டியதற்குக் கூச்சமாகவும் இருந்தது.

"சரிடா, நீ கெட்டிக்காரன்தான்" என்றான்.

"இப்ப சொல்லு" என்றான் ரகுபதி.

அந்த நேரத்தில்தான் பரசுராமன் மொபெட்டில் வந்து இறங்கினார். படப்பையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருப்பவர், ரிடையரானவர். வருகிற புதன்கிழமை அவர் வீட்டுக்கு வாசக்கால் வைக்கிற முகூர்த்தம். ஐயரைக் கேட்டு நாள் குறித்தாகிவிட்டது, சம்பந்தி வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. வாசக்கால் மட்டும் இன்னும் கட்டையாகவே கிடந்தது.

"என்னப்பா சுபாஷ், இன்னும் ரம்பத்துலயே நிக்குது?"

"ஆயிடும் சார். இன்னைக்கு அறுத்து இழைச்சிடுவேன். செவ்வாக்கெழமை சாயங்காலம் உங்க வாசல்ல இருக்கும்."

"முகூர்த்தம் தவறினா என் வீட்டுக்காரி என்னைச் சும்மா விட மாட்டா. தொண்ணூத்தொண்ணு முடியறதுக்குள்ள குடி போயிடணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அடுத்த வருஷம் பொறந்தா அவ ராசிக்கு ஆகாதாம்."

"கண்டிப்பா சார். மெஷின் இனிமே நிக்காது."

சொன்னபடியே சுபாஷ் மெஷினை நிறுத்தவில்லை. வேங்கைக் கட்டைகளை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். பரசுராமன் போன பிறகும் அறுத்தான். ரகுபதி கட்டையைப் பிடிக்க, இவன் தள்ள, வாசக்காலின் இரண்டு கால்களும் மேல்கட்டையும் மதியத்துக்குள் இழைத்து முடிந்துவிட்டன. ஜோதி போன பிறகு இப்படி மனசோடு அவன் வேலை செய்ததே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஜோதி வந்தாள்.

குடையை மடக்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மெஷின் இன்னைக்கு ஓடலியா?" என்றாள்.

"காலைலேர்ந்து ஓடிக்கினுதான் இருந்திச்சி" என்றான் சுபாஷ். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வந்து பாரு."

"நான் வந்து பாக்கறதா?"

"வா அண்ணி, நான் சொல்றேன் வா" என்று ரகுபதி அவள் பையை வாங்கி உள்ளறைக் கதவோரமாக வைத்துவிட்டு, அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனான்.

முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் பட்டறைக்குள் வந்தாள். சுபாஷ் ஒரு வேங்கைக் கட்டையை எடுத்து ரம்பத்தில் விட்டான். வேண்டுமென்றே மெதுவாக விட்டான், அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று. கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. தூள் இல்லை.

ஜோதி முந்தானையை எடுத்தாள். கொஞ்சம் தயங்கி மூச்சு விட்டாள். இன்னொரு தடவை விட்டாள்.

"நெஜமாவே இல்லியே" என்றாள்.

அவள் சிரித்தாள். எத்தனை மாதமாக இந்தப் பட்டறைக்குள் அவள் வந்ததில்லை. அவன் செய்கிற கதவை, ஜன்னலை எல்லாம் லாரியில் ஏற்றும்போதுதான் தூரத்தில் நின்று பார்ப்பாள். இப்போது வாசக்காலைத் தொட்டுப் பார்த்தாள். இழைத்த மரத்தின் வழவழப்பைக் கையால் தடவினாள்.

"நல்லா இருக்குதுங்க."

"அண்ணி, இதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றான் ரகுபதி.

"தெரியுது தம்பி. உன் தலையெல்லாம் சைக்கிள் டியூபு நாத்தம் அடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பன்கூடச் சிரித்தார். "போயி புடவ மாத்திக்கினு வாம்மா, சாப்புடலாம். கொழம்பு இவனுங்க வெச்சதுதான், பொறுத்துக்க" என்றார். இந்தக் குடும்பத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஓர் அரை மணி நேரம் போய் ரொம்ப நாளாகியிருந்தது. அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் நடந்ததைத்தானே எழுத முடியும்.

ஜோதி பையை எடுத்துக்கொண்டு தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. முதலில் ஓர் இருமல், பிறகு தொடர்ந்து. சுபாஷ் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான்.

அவன் விடிகாலையில் விரித்த விரிப்பின் மேல் மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது. தலையணை மேல், பெட்டி மேல், கண்ணாடி மேல், கொடியில் தொங்கிய அவள் புடவைகள் மேல், எங்கே பார்த்தாலும் மாவு தூவியதுபோல் இருந்தது. அறைக்குள் காற்றில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் பட்டறையில் பறந்திருக்க வேண்டிய தூசி மொத்தமும், கதவை இழுத்துச் சாத்தி வைத்திருந்த இந்த அறைக்குள்தான் காலையிலிருந்து வந்து கொட்டியிருக்கிறது போலிருந்தது.

"எப்படி?" என்றான் சுபாஷ். "கதவை சாத்தித்தான வெச்சேன்?"

ஜோதி இருமிக்கொண்டே கையை மேலே காட்டினாள்.

ரகுபதி அண்ணாந்து பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

ஓட்டு வீடு. நெல் அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் இருக்கிற குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் ஓடு வரைக்கும் எல்லா அறைக்கும் ஒரே வெளி. புளோயர் ஊதுகிற காற்று நெல் அறைக்குள் போய் அங்கேயே உட்கார்ந்திருக்குமா? கதவு இடுக்கையெல்லாம் சாக்கு வைத்து அடைத்தாயிற்று. போக வேறு வழி இல்லாமல், கனமான தூளைக் கீழே போட்டுவிட்டு, மெல்லிய தூசியைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டி வந்திருக்கிறது. மூச்சுக்குக் கெடுதல் அந்த மெல்லிய தூசிதான்.

"மில்லுல அந்த ரூமுக்கு காங்கிரீட்டு கூரைண்ணா" என்றான் ரகுபதி. "மேல துணி கட்டி காத்த வெளிய வுடுவான். எனக்கு... எனக்கு தோணவே இல்ல."

சுபாஷ் ஜோதியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து தாழ்வாரத்துக் கட்டிலில் உட்கார வைத்தான். அவளுக்கு இழுப்பு கண்டுவிட்டது. ரகுபதி கொண்டுவந்து கொடுத்த பையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கினாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சாக இழுத்தாள். மூன்று ஆண்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்கள் மேல் பரிதாபமும் வந்தது, ஆளுக்கு ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

கொஞ்சம் மூச்சு வந்ததும் அவள் பேசினாள்.

"என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அந்த ரூம்ல படுக்கறவ நானு. கல்யாணம் ஆயி வந்த வருஷமே சொன்னேன். நெல்லு கொட்டறப்ப சொணையெல்லாம் எங்க வந்து வுழுது? என் தலமாட்டுல. ரெண்டு நாளு ஒடம்பெல்லாம் அரிச்சிது. சொன்னேனா இல்லியா?"

"சொன்ன" என்றான் சுபாஷ்.

"நீங்க எல்லாரும் முன்னாடி கூடத்துல காத்தாட படுப்பீங்க. உங்களுக்கு எப்படி தெரியும்? பைப்பு எவ்ளோ நீளம், மோட்டாரு எவ்ளோ வேகம், எல்லாம் பேசுனீங்க. தூசிக்கு ஒரு ரூம்பு குடுத்தீங்க. அது பக்கத்து ரூம்புல யாரு கீறான்னு மட்டும் பாக்கல."

"அண்ணி, ஒரே ஒரு நாள் குடு" என்றான் ரகுபதி. "பைப்பு திருப்பி வெளிய வுட்டுடறேன். இன்னும் ரெண்டே எல்போ..."

"டேய், வாய மூடு" என்றான் சுபாஷ்.

கன்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். "இப்ப இன்னா பண்றது, தெரியாம ஆயிப்போச்சி. நீ ஒரு நாலு நாளு உங்கம்மா வூட்டுல இருந்துட்டு வாம்மா. அதுக்குள்ள இத..."

"நான் போவல மாமா."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவளிடம் மூச்சும் இல்லை. ஆனால் கன்னியப்பன் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஒவ்வொரு வாட்டியும் நான்தான் போறேன். மெஷினு இங்கயே இருக்குது, மரம் இங்கயே இருக்குது, நான் மட்டும் பைய தூக்கிக்கினு பஸ்ஸு ஏறணும். எங்கம்மா தெருவுல கேக்கறாங்க, புருஷன் வூட்ல வெச்சிக்கலியான்னு. இந்த வாட்டி நான் போவல. மெஷினு போவட்டும்."

"எங்கம்மா போறது?" என்றார் கன்னியப்பன்.

"ரோட்டோரக் கொல்லைக்கு. நான் ஆடி மாசமே சொன்னேன்."

"ஆமா நைனா" என்றான் சுபாஷ். அப்பாவைப் பார்த்து அவன் இவ்வளவு நேராகப் பேசியது அன்றைக்குத்தான். "நாளைக்கே கம்பம் நடறேன். திருடு போனா போவட்டும், நான் அங்கயே படுத்துக்கறேன்."

கன்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அது இப்ப நம்பளுது இல்லடா" என்றார். 

"இன்னாது?"

"ஆடிலயே பேசி முடிச்சிட்டேன். பிளாட்டு போடறவன் கேட்டான். பேப்பர்ல கையெழுத்தும் போட்டாச்சி."

சுபாஷுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. நெல் அறையைத் தானே பெருக்கிக் கொடுத்தது, சாக்குப் பை தேடி எடுத்துவந்தது, இதிலேயே சரி பண்ணிவிடலாமா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மருமகள் மேல் அக்கறை என்று அவன் நினைத்தானே, அதெல்லாம் அவளுக்காக இல்லை. தூசி வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டால் கொல்லையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நைனா" என்றான் ரகுபதி. "எதுக்கு வித்த? இன்னா அவசியம் வந்திச்சி?"

"சொல்றேன். அப்பால சொல்றேன்."

"இப்ப சொல்லு."

கன்னியப்பன் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

ஜோதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கொல்லை உங்க சொத்து. வித்தீங்க. நான் கேக்க யாரு? ஆனா அது தெரியக்கூடாதுன்னு, அந்தத் தூசிய என் நெஞ்சுல கொண்டாந்து கொட்டிட்டீங்களே மாமா."

சுபாஷ் திரும்பிப் பின்கட்டுக்குப் போனான். அவன் போன வேகத்தைப் பார்த்து, எதையாவது போட்டு உடைக்கப் போகிறானோ என்று ரகுபதி பின்னால் ஓடினான். அவன் எதையும் உடைக்கவில்லை. மெயின் போர்டைத் திறந்து, மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கினான். கொண்டுவந்து ஜோதியின் மடியில் வைத்தான்.

"இத நீ வெச்சிக்க. இந்த வூட்டுக்குள்ள இனிமே மெஷினு ஓடாது."

"டேய்" என்றார் கன்னியப்பன். "புதங்கிழமை அந்தாளுக்கு முகூர்த்தம்டா. காலையும் மேல்கட்டயையும் இன்னும் கோக்கல, படி அறுக்கல. வாக்கு குடுத்துகீற."

"தெரியும்."

"தெரிஞ்சிமா?"

"உளி கீது, கைரம்பம் கீது. முடிஞ்சா முடியும். முடியலன்னா அந்தாளு கால்ல வுழறேன். இவ கால்ல எத்தினி வாட்டி வுழறது?"

ஜோதி கணவனைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அது இருமலாலா, வேறு எதனாலா என்று அவளே சொன்னால்தான் உண்டு. ஃப்யூஸ் கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு ரகுபதியிடம், "தம்பி, பக்கெட்டுல தண்ணி எடுத்தாந்து அந்த ரூம்ப ஈரத்துணில தொடைங்க. பெருக்காதீங்க, பெருக்குனா மறுபடி பறக்கும்" என்றாள்.

சகோதரர்கள் இருவரும் துணியும் பக்கெட்டுமாக அறைக்குள் போனார்கள். கன்னியப்பன் மட்டும் அங்கேயே நின்றார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. அவர் முன்கூடத்துக்குப் போய்ச் சட்டையை மாட்டினார், செருப்பைப் போட்டார். யாரிடமும் சொல்லாமல், குடைகூட எடுக்காமல், வாசலில் இறங்கிப் படப்பை ரோட்டைப் பார்த்து நடந்தார்.

ரகுபதி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு ஈரத்துணியோடு வெளியே ஓடி வந்தான்.

"நைனா, எங்க போற? சோறுகூட துண்ணல. நைனா..."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரகுபதி வாசல் படியில் இறங்கப் போனான்.

"வுடு தம்பி" என்றாள் ஜோதி, கட்டிலில் உட்கார்ந்தபடியே. மூச்சு இன்னும் அவளுக்கு விட்டு விட்டுத்தான் வந்தது. "தூசி வந்தா இந்த வூட்ட வுட்டு எப்பவும் நான்தான் வெளிய போவேன். இன்னைக்கு ஒரு நாளு வேற ஒருத்தரு போவட்டும்."